வாங்க மறுப்பது யாருக்காக?



2013ஆம் ஆண்டில் ஒரு ஞாயிறு, பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் திருப்பலி முடித்து வெளியே வந்தபோது, கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் என்னை நிறுத்தினார். அவருக்குத் தம்பி முறையான ஒருவர் கோத்தகிரியில் இருக்கிறார். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறிப் போன குடும்பம். அங்கும் தேயிலைத் தோட்ட வேலைதான். அந்தத் தம்பி தொலைபேசியில், "அக்கா, இனிமே இலங்கைச் சாமான் எதையும் நாங்க வாங்கப் போறதில்ல" என்றாராம். "சாமி, அப்ப நாங்க பறிக்கிற கொழுந்தையும் வேணாங்கிறாங்களா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அன்று ஏதோ ஆறுதல் சொல்லி நழுவிவிட்டேன். உதவிப் பங்குத்தந்தையாக இருந்த காலம். அடுத்த தோட்டத்துப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்பது நல்ல சாக்காக இருந்தது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் ஒன்று. அந்தத் தம்பியின் கோபத்தை நான் குறைகூறவில்லை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நடந்ததை அறிந்த எவரும் குறைகூற மாட்டார். 2011 யூன் மாதத்தில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், இலங்கைமீது பொருளாதாரத் தடை விதிக்கும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2013 மார்ச்சில் மீண்டும் கேட்டது. லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் நம்மவர்கள் கடை வாசல்களில் நின்று, இலங்கையில் தைத்த உடைகளை வாங்காதீர்கள் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். இறந்தவர்களுக்காக வேறெதுவும் செய்ய இயலாத ஒருவன் தன் பணப்பையையாவது மூடிக்கொள்ள விரும்புவது இழிவான எண்ணமன்று.

ஆனால் அது நடக்கிற காரியமா? ஒரு நாட்டின் பொருள்களை ஒரு குடும்பம் உண்மையில் ஒதுக்கிவிட முடியுமா?

பகிஷ்கரிப்பு என்பதை நான் முதன்முதலில் கண்டது இங்கே, சிறு பையனாக. 1987 யூலையில் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி இந்தியப் படை வந்தது. அதை எதிர்த்த ஜே.வி.பி. இயக்கம், இந்தியப் பொருள்களை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று 1989இல் கட்டளையிட்டது. மீறினால் என்ன நேருமென்று எல்லோருக்கும் தெரியும். வெங்காயம் வாங்கப் போன என்னிடம் கடைக்காரர் தணிந்த குரலில், "பம்பாய் வெங்காயம்னு சொல்லாதே தம்பி, பெரிய வெங்காயம்னு கேளு" என்றார். வெங்காயம் அதே வெங்காயம்தான்! பெயர் மட்டும் தலைமறைவாகியிருந்தது. (அதே இயக்கத்தின் தலைவர் 2024இல் ஜனாதிபதியானதும் மேற்கொண்ட முதல் வெளிநாட்டுப் பயணம் புதுடில்லிக்கே என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.)

மைசூர்ப் பருப்பின் கதை இன்னும் வேடிக்கை. பெயரில் மைசூர் இருக்கிறது. ஆனால் இன்று நம் வீடுகளில் கொதிக்கும் பருப்பு பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்தது. பெயரைப் பார்த்து ஒதுக்குகிறவன் யாரை ஒதுக்குகிறான்? மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் மாத்திரை அட்டையைத் திருப்பி நாடு பார்க்கும் தாய் உண்டா? 2023 டிசம்பரில் இந்திய அரசு தானாகவே வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் சந்தைகளில் விலை எங்கே போனதென்று உங்களுக்கு நினைவிருக்கும். நாம் வெங்காயத்தைப் பகிஷ்கரிக்கவில்லை. வெங்காயம் நம்மைப் பகிஷ்கரித்தது.

தேயிலையும் அப்படித்தான். பசறையிலோ அப்புத்தளையிலோ பறித்த கொழுந்து ஆலையில் தூளாகி, கொழும்பில் ஏலம் போய், கப்பலேறி, பல சமயம் வேறு நாட்டுத் தூளோடு கலந்து, யாரோ ஒருவருடைய பெயர் பொறித்த பெட்டியில் லண்டன் கடைக்குப் போய்ச் சேர்கிறது. சிங்க முத்திரையுள்ள பெட்டியை ஒதுக்கலாம். கலவைக்குள் ஒளிந்திருக்கும் ஊவாவை எப்படி ஒதுக்குவது? 2017 டிசம்பரில் ரஷ்ய அரசு ஒரு சிறு வண்டைக் காரணம் காட்டி இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. இரண்டு வாரந்தான்; அதற்குள் கொழும்பு பதறிப்போனது. அரசு மறித்தால் உறைக்கிறது. குடும்பம் மறித்தால் ஏட்டில்கூடப் பதிவாவதில்லை.

ஆகவே ஒரு நாட்டை முழுவதும் ஒதுக்குவது சாதாரண வீட்டுக்கு இயலாத காரியம் என்றே எண்ணுகிறேன். இயலாததைக் கடமை என்று மனச்சாட்சியின்மேல் ஏற்றுவதும் முறையன்று. கொரிந்து நகரத்துச் சந்தையில் சிலைகளுக்குப் படைத்த இறைச்சியும் கலந்து விற்றபோது, புனித பவுல் விசுவாசிகளை ஒவ்வொரு துண்டையும் விசாரிக்கச் சொல்லவில்லை. விற்பதை வாங்கி உண்ணுங்கள் என்றார். ஆனால், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால், சொன்னவரின் பொருட்டு உண்ணாதிருங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். 'சொன்னவரின் பொருட்டு' என்பதில்தான் நம் கேள்விக்கு வழி திறக்கிறது என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் நம்மிடம் வந்து சொல்கிறவர் யார்?

1965இல் கலிபோர்னியாவின் டெலானோ பகுதியில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான சேசர் சாவேஸ் கத்தோலிக்கர். 1966இல் அவர்கள் நடத்திய நெடும் பயணத்தில் குவாதலூப்பே அன்னையின் கொடி முன்னே சென்றது. அமெரிக்கா முழுவதும் உள்ள தாய்மாரை அவர்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே: திராட்சை வாங்காதீர்கள். ஒரு நாட்டின் பொருள்கள் அத்தனையுமல்ல, ஒரே ஒரு பழம். எதுவரை? முதலாளிமார் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை. 1970 யூலையில் கையெழுத்திட்டார்கள். கேட்டவர்களும் பறிப்பவர்களும் ஒரே ஆட்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு நாட்டையே ஒதுக்கியதும் உண்டு. தென்னாபிரிக்கப் பொருள்களை வாங்காதீர்கள் என்று 1959இல் அல்பேர்ட் லுத்தூலி உலகத்தைக் கேட்டார். இதனால் கறுப்பின மக்களே முதலில் பட்டினி கிடப்பார்களே என்று சிலர் அவருக்காக மிகவும் கவலைப்பட்டார்கள். துன்பப்படுவோம் என்பது தெரியும், அந்த விலையைத் தர ஆயத்தமாயிருக்கிறோம் என்பது அவருடைய பதிலின் சாரம். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. லண்டனில் கடைக்குப் போகும் ஒருவருக்கு அது தானாக வந்துவிடாது.

காந்தியடிகள் 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தபோது நம் பதுளைக்கும் வந்தார். அந்நியத் துணியை ஒதுக்கிய அவர், 1931இல் இங்கிலாந்து சென்றபோது லங்காஷயருக்கும் போனார். வேலையிழந்த நெசவாலைத் தொழிலாளரை நேரில் சந்தித்து, இந்தியாவின் வறுமையை எடுத்துச் சொன்னார். அவர்களும் அவரை அன்போடு வரவேற்றார்கள். தன் செயலால் அடுப்பு அணைந்த வீட்டுக்குப் போய் நிற்கும் துணிவு அது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். இலங்கைப் பொருளை ஒதுக்குங்கள் என்று முடிவு செய்தவர்களில் எவராவது ஊவாவின் லயங்களுக்கு வந்து, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்களா? நானறிய ஒருவரும் வரவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021இல் வர்த்தமானியில் வருவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் இவர்கள். தேயிலைக்குக் கேள்வி குறைந்தால் ஏலவிலை விழும். ஏலவிலை விழுந்தால் தோட்டத்தில் வேலை நாள் குறையும். முள்ளிவாய்க்காலுக்குக் கணக்குக் கேட்க வேண்டியவர்களை எட்டும் முன்பே அந்த அடி, அதில் எந்தப் பங்குமில்லாத தமிழ்த் தாயின் கூடையில் விழுந்துவிடும்.

இதற்கு ஒரு மறுப்புண்டு. அதை மறைக்கக் கூடாது. ஏழையின் அடுப்பைக் காட்டியே எல்லா அநியாயத்தையும் காப்பாற்றிவிடலாமே! தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்றதும், உங்கள் பிள்ளைகள்தானே பட்டினி என்று துரைமார் சொன்னதும் இதே நியாயந்தான். உண்மை. ஆகவே தொழிலாளியின் பெயரால் 'வாங்குங்கள்' என்று சொல்லும் உரிமை கம்பனிக்கோ அமைச்சருக்கோ இல்லை, 'வாங்காதீர்கள்' என்று சொல்லும் உரிமை லண்டன்காரருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அந்தத் தாயைக் கேட்க வேண்டும். 2013இல் அவர் என்னிடம் கேள்வி கேட்டார். உங்கள் எண்ணம் என்ன அம்மா என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதுளைச் சந்தையில் எனக்கும் இதே சோதனை சிறிய அளவில் வருவதுண்டு. வெலிமடை விவசாயிகள் தங்கள் உருளைக்கிழங்கை வாங்கும்படி கேட்கிறார்கள், கேட்பவர்கள் விளைவிப்பவர்களே. ஆதலால் விலை கூடினாலும் அதையே வாங்கப் பார்க்கிறேன். இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி வெலிமடைக் கிழங்கென்று விற்பதாகவும் முறைப்பாடு உண்டு. நான் எத்தனை முறை ஏமாந்தேனோ தெரியாது. சம்பள நாளன்று தோட்டத்திலிருந்து வரும் தாய் ஒருவர் பக்கத்தில் நின்று விலை குறைந்த கிழங்கையே பொறுக்கிப் பையில் போடுவார். என்னைக் கண்டதும், "தோத்திரம் சாமி" என்பார். நானும் தோத்திரம் சொல்வேன். அவருடைய பையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.