விலைக்குப் பெறும் விருந்தோம்பல்: ஓர் அறவியல் நோக்கு

கண்டி நகரை அடுத்த மலைச்சரிவொன்றில் ஒரு விடுதி இருப்பதாகக் கொள்ளலாம். பெரஹரா காலத்தில் வடக்கிலிருந்து ஒரு குடும்பம் மாலை மழையில் நனைந்தவாறு அங்கு வந்து சேர்கின்றது. மலைக்காட்சி தெரியும் அறை, குளிப்பதற்கு வெந்நீர், வீட்டுச் சமையல் ஆகிய மூன்றும் உண்டென விளம்பரம் கூறியிருந்தது. வந்து பார்த்தபோது சாளரம் ஒரு மதிலை நோக்கித் திறக்கின்றது. மெத்தையில் ஈரம் ஊறியிருக்கின்றது. குழாயில் தண்ணீர் நூலாக வடிகின்றது. இடியப்பமும் சொதியும் கேட்டவர்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு ஆறிய சோறும் நீர்த்த பருப்புக் கறியும் வருகின்றன. காலையில் நீட்டப்படும் கணக்குச் சிட்டையில் பத்து வீதச் சேவைக் கட்டணம் தவறாது இடம்பெறுகின்றது. குடும்பத் தலைவர் பரிமாறிய இளைஞனைக் கடிந்துகொண்டு, பணத்தைச் செலுத்திவிட்டு வெளியேறுகின்றார்.

பயணம் செய்வோர் பலரும் அறிந்த ஏமாற்றம் இது. சில நாட்களில் மறந்துவிடக்கூடியதும் ஆகும். ஆயினும் இதனுள் ஓர் அறவியல் வினா அடங்கியுள்ளது. அக்குடும்பம் இழந்தது யாது? பணத்தையா, வசதியையா, அல்லது இவ்விரண்டிலும் அடங்காத வேறொன்றையா? விருந்தோம்பலை விலைக்குப் பெறும் ஒருவனுக்கு விடுதியாளன் பட்டுள்ள கடன் எத்தகையது?

இவ்வினாவுக்கு எளிதில் கிடைக்கும் விடை, இது வெறும் வாணிகம் என்பதாகும். நமது உணவுக்கு வணிகனின் கருணை காரணமன்று, அவனது தன்னலமே காரணம் என்னும் கருத்தை 1776ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அடம் சிமித் நிறுவ முயன்றார். இந்நோக்கின்படி விடுதியாளன் விற்பவன், விருந்தினன் வாங்குபவன். சொன்ன பொருள் கிடைக்காதவிடத்து ஒப்பந்தம் மீறப்படுகின்றது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுகின்றது.

ஆனால் கணக்கு உண்மையில் தீர்ந்துவிடுகின்றதா? கடையில் துணி வாங்கச் சென்றவன் துணி பிடிக்காவிடின் அடுத்த கடைக்குச் செல்லலாம். மலைப்பாதையின் முடிவில், மழையில், குழந்தைகளுடன் இரவில் வந்து நிற்பவனுக்கு அடுத்த கடை இல்லை. மேலும், அவன் அங்கு உறங்கப் போகின்றான். முன்பின் அறியாத ஒருவரின் கூரையின் கீழ், அவர் தந்த உணவை உண்டு, அவரிடமும் திறப்பு உள்ள அறையில் கண்ணை மூடுகின்றான். வேறெந்த வாணிபத்திலும் வாங்குபவன் விற்பவனிடம் இவ்வளவு தூரம் தன்னை ஒப்படைப்பதில்லை. ஆங்கிலேயச் சட்டம் இதனைப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. விடுதியில் தங்குவோரின் உடைமைகளுக்கு விடுதியாளன் பொறுப்பாளி என்பது 1584ஆம் ஆண்டின் கேலி வழக்கிலே தெளிவாக்கப்பட்டது. தக்க காரணமின்றி வழிப்போக்கனை ஏற்க மறுக்கும் உரிமையையும் அச்சட்டம் விடுதியாளனுக்கு அளிக்கவில்லை. ஏனைய வணிகர்மீது சுமத்தப்படாத இக்கடமைகள் விடுதியாளன்மீது சுமத்தப்பட்டதற்கு வழிப்போக்கனின் உதவியற்ற நிலையே காரணம் எனலாம்.

நமது மரபு இப்பொருளை வேறொரு கோணத்தில் நோக்கியது. திருக்குறளின் 9ஆம் அதிகாரமாகிய விருந்தோம்பல், அறத்துப்பாலில் இல்லறவியலில் அமைந்துள்ளது, பொருட்பாலில் அன்று. விருந்து இல்லத்தைச் சார்ந்த அறம் என்பது இவ்வமைப்பிலிருந்து பெறப்படும். இல்லத்திற்கு வெளியே வழிப்போக்கரைப் பேணுவதற்கு வேறு ஏற்பாடுகள் தோன்றின. யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம், கந்தர்மடம் ஆகிய ஊர்ப்பெயர்கள் மடங்களின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றன. கண்டி இராச்சியத்தின் வழிகளிலே சிங்கள மக்கள் 'அம்பலம' என்று வழங்கும் தங்குமடங்கள் இருந்தன. பழைய கண்டி வீதியில், கடுகண்ணாவையிலே, அத்தகைய அம்பலம் ஒன்றை இன்றும் காணலாம். 1815இல் கண்டி பிரித்தானியர் வசமான பின்னர் வீதிகளும், அவற்றின் ஓரங்களிலே கட்டணத்திற்கு இடமளிக்கும் வாடிவீடுகளும் தோன்றின. 1867இல் கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை அடைந்தது. இவ்வாறு, கொடையாக இருந்த தங்குமிடம் படிப்படியாக விலைப்பொருளாயிற்று.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. அம்பலத்தில் மெத்தை இல்லை, வெந்நீர் இல்லை. எனினும் அங்கு தங்கியவன் ஏமாற்றப்பட்டதாகக் கூற இடமில்லை. அம்பலம் ஒரு கூரையையே காட்டியது, கூரையையே தந்தது. ஆகவே ஏமாற்றத்தின் அளவுகோல் வசதியன்று. சொல்லே அதன் அளவுகோல். வறுமையால் வரும் குறை வேறு, வஞ்சனையால் வரும் குறை வேறு. ரொட்டியும் சம்பலும் மட்டுமே உண்டு என்று கூறி அவற்றையே பரிமாறும் கிராமத்து விடுதி எவருக்கும் தீங்கு செய்யவில்லை. இடியப்பம் உண்டென்று அழைத்து, இரவு முற்றியபின் ஆறிய சோற்றை வைக்கும் விடுதி, உணவில் மட்டுமன்றி உண்மையிலும் குறை செய்கின்றது. வேறு வழியற்றவனிடம் அக்குறையைச் செய்வது அதனை இருமடங்காக்குகின்றது.

எதிர்பார்ப்பே துன்பத்திற்குக் காரணம், விருந்தினன் ஆசையைக் குறைத்துக்கொள்ளட்டும் என்று சிலர் கூறக்கூடும். மலைநாட்டில் மழை பெய்யலாகாது என்று எதிர்பார்ப்பவனுக்கு இவ்வறிவுரை பொருந்தும். பிறர் கொடுத்த சொல்லை நம்பியவனுக்கு அது பொருந்தாது. நம்பியவனைக் குற்றவாளியாக்கும் அறவியல், பொய்யுரைத்தவனை விடுதலை செய்யும் அறவியலாக முடியும்.

எனினும் விருந்தினனுக்கும் ஒரு கடமை உண்டு. 1660ஆம் ஆண்டு இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே வைக்கப்பட்டிருந்தார். சிறைப்பட்ட ஆங்கிலேயருக்கு உணவளிக்குமாறு அரச கட்டளை இருந்தது. ஊரவர் முறைவைத்து உணவு கொடுத்தனர். 1681இல் வெளியான அவரது நூல் இதனை விவரிக்கின்றது. அச்சோற்றை ஆக்கியவரும் தம் விருப்பத்தாற் செய்யவில்லை. உண்டவரும் தம் விருப்பத்தால் அங்கிருக்கவில்லை. இன்றைய விடுதியிற் பரிமாறும் இளைஞனின் நிலையும் ஓரளவு இதனை ஒத்தது. விளம்பரத்தை எழுதியவன் அவனல்லன். சமையலறைக்குப் பொருள் வாங்காமல் விட்டவனும் அவனல்லன். புன்னகை செய்யுமாறு அவனுக்குக் கட்டளையிடப்பட்டுள்ளது. குடும்பத் தலைவரின் சினம் நியாயமானதே. ஆனால் அது சென்றடைந்த இடம் நியாயமானதன்று. குற்றத்தைச் செய்தவரிடம் பேசத் துணியாது, கைக்கெட்டிய எளியவரிடம் கோபம் கொள்வதும் ஓர் அநீதியே ஆகும்.

விடுதி அளிக்க வேண்டியவற்றுள் நல்லுணவைக் காட்டிலும் அடிப்படையான ஒன்று உளது. 1795இல் நிலைத்த சமாதானத்தைப் பற்றி எழுதிய இம்மானுவேல் காண்ட், பிற நாட்டிற்குச் செல்லும் அந்நியன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை உடையவன் என்றார். அதனை அவர் கருணையின் பாற்படுத்தவில்லை, உரிமையின் பாற்படுத்தினார். இவ்வுரிமையின் அருமையை ஈழத்துத் தமிழர் நூல்களின் வாயிலாக மட்டும் அறிந்தவரல்லர். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அத்தகைய வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அவர்கள் அந்நியரல்லர், தம் நாட்டின் தலைநகரிலே கட்டணம் செலுத்தித் தங்கிய குடிமக்கள். அச்செயலைச் செய்தது அரசு, விடுதியாளரல்லர். ஆயினும் அறைக்குச் செலுத்திய பணம் ஒருவருக்குப் பாதுகாப்பையும் வாங்கித் தந்துவிடும் என்னும் எண்ணம் அன்று பொய்த்தது.

ஈர மெத்தையையும் இவ்வெளியேற்றத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகாது. ஒன்று சிறுமை, மற்றையது கொடுமை. ஆனால் இரண்டும் ஒரே அடித்தளத்தைக் காட்டித் தருகின்றன. வீட்டை விட்டு வெளியே உறங்கும் மனிதன், விலைச்சிட்டையில் எழுதப்படாத ஒரு நம்பிக்கையின் மீதே உறங்குகின்றான். தான் மதிக்கப்படுவான், தன்னிடம் உண்மை பேசப்படும், விடியும்வரை தனக்கு அங்கு இடமுண்டு என்பதே அந்நம்பிக்கை. அதற்கு விலை குறிக்க இயலாது. ஆகவே பணத்தைத் திருப்பிக் கொடுத்து அதனை ஈடுசெய்தலும் இயலாது. அக்குடும்பம் இழந்தது அந்நம்பிக்கையில் ஒரு பகுதியையே. விருந்தோம்பல் விலைப்பொருளான பின்னரும் அதனுள் விலைக்கு அடங்காத ஒரு பகுதி எஞ்சியிருக்கின்றது என்பதற்கு அவ்விழப்பே சான்று.

அம்மலைச்சரிவு விடுதியாளன் செய்திருக்கக்கூடியது பெரிதொன்றுமன்று. மழையில் வந்தவர்களை வாயிலில் எதிர்கொண்டு, "இன்று சமையற்காரர் வரவில்லை; மெத்தையும் ஈரமாகிவிட்டது; ரொட்டியும் சம்பலும் சூடாகத் தரலாம்; வாடகையைக் குறைத்துக்கொள்கின்றேன்" என்று அவன் கூறியிருக்கலாம். குறைத்த வாடகை அவனுக்குச் சிறிது நட்டத்தைத் தந்திருக்கும். அக்குடும்பம் அன்றிரவும் இடியப்பம் உண்டிராது, ஆனால் ஏமாற்றப்பட்டுமிராது.