கானலும் பனியும்

கானல் என்றதும் சமவெளிக்காரர்களான எங்களுக்குக் கானல்நீர்தான் நினைவுக்கு வரும். இல்லாத தண்ணீர் கண்ணுக்குத் தெரிவது. பழனி மலையில் அதே சொல்லுக்குக் காடு என்று பொருள். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் நாங்கள் போய் இறங்கிய காலையில் எதிரே மலை இருந்தது, பள்ளத்தாக்கு இருந்தது, பத்தடி தள்ளி ஒரு வீடும் இருந்ததாம். எதுவும் தெரியவில்லை. அவ்வளவு பனி.

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தின் மூன்று நாள் ஊழியப் பயணம் அது. ரேஷன் கார்டில் பெயர் இருப்பதைப் போலத்தான் எனக்கு அப்போது விசுவாசம் இருந்தது. அப்பா சேர்த்துவிட்டது. நான் எடுத்துப் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கக் கித்தாரும் பொம்மைகளும் கொண்டுபோயிருந்தோம். அடைமழையில் பிள்ளைகள் வரவில்லை. சும்மா இருக்க வேண்டாமென்று எங்கள் போதகர் ஐயர் எங்களை, இந்த மலைக்கே உரிய சோலைமரங்களின் நாற்றங்கால் ஒன்றுக்கு அனுப்பினார்.

அங்கே வேலை பார்த்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். செம்மண், மணல், எரு கலந்து பையில் நிரப்பச் சொன்னார். நான் இருபது பை நிரப்பி வரிசையாக வைத்தேன். வந்து பார்த்தவர் ஒன்றும் பேசாமல் இருபதையும் கொட்டினார்.

"இப்படி அமுக்குனா வேரு எப்படிப்பா மூச்சு விடும்?"

இந்தக் கன்று மரமாக எத்தனை வருடமாகும் என்று கேட்டேன், என் வெட்கத்தை மறைக்க. சிரித்தார். "நான் வச்சதுலயே பெருசு இன்னும் என் இடுப்பளவுதான் நிக்குது."

சோலைமரம் அப்படித்தான், அவசரப்படாது. இந்த மலையின் புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று அயல்நாட்டு மரங்களை நட்டுப் பரப்பிய காலம் ஒன்று உண்டு. அதற்கு மாறாக, பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற ஆங்கிலேய இணையர் 1980களில் வட்டக்கானலுக்கு வந்து தங்கி, சோலை விதைகளைப் பொறுக்கி முளைக்க வைப்பதிலேயே பல ஆண்டுகளைக் கழித்தார்கள். மதப்பணிக்கென்று வந்தவர்கள் அல்ல அவர்கள். எதிரி என்று எண்ணிய அயல் மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக எழுந்துவருவதையும் இந்த மலையில் கண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ எங்கள் சபையின் சண்டைகள் நினைவுக்கு வந்தன.

செண்பகனூர் இங்கிருந்து தூரமில்லை. 1895 முதல் அங்கே இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. அதே சபையைச் சேர்ந்த குரு கே. எம். மேத்யூ இந்த மலையின் செடிகொடிகளை ஒவ்வொன்றாகத் தேடி, பெயர் கண்டு, 1999இல் பெரிய நூலாக வெளியிட்டார். இலையை ஒளிக்கு நேரே தூக்கி நரம்பு பார்க்கும் ஒரு குருவை என்னால் எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது. அதுவும் ஒருவகை ஜெபமாலைதான்.

இரவில் ஐயர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைச் சொன்னார். ஞாயிறு பள்ளியில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கதை. மிஷனரி குடும்பத்தில் பிறந்தும் மிஷனரியாக விரும்பாத பெண். நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனத்துக்கு வந்தவர். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருந்த மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அழைத்துப்போக மூவருக்கும் சம்மதமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, வேலூருக்கு வந்தார். 1960 மே மாதம் இறந்ததும் இதே கொடைக்கானலில், தம் வீட்டில்.

எப்போதும் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அவர் வேலூரில் எழுப்பிய மருத்துவமனைதான். அன்று மனம் திண்டிவனத்திலேயே நின்றுவிட்டது. போக மனமில்லாமலா அவர் அன்று போகவில்லை? போயிருந்தாலும் கைக்கு வேலை தெரியாது. அந்த வேலையைக் கற்க முதலில் கப்பல் ஏறினார். அன்பு பொங்கியதாகச் சொல்கிற இடத்தையெல்லாம் நாங்கள் பாட்டாகப் பாடிவிட்டோம். உடற்கூறு படித்த அந்த வருடங்களைப் பற்றி எந்தப் பாட்டும் நான் கேட்டதில்லை. என் நகக்கண்ணில் செம்மண் இருந்தது. ஜெபத்துக்கு எல்லாரும் கண் மூடினோம். வழக்கமாக ஓடும் வார்த்தைகள் வரவில்லை, தேடவும் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன், யாரோ பக்கத்தில் இருக்கும்போது பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் போல.

மூன்றாம் நாள் நாற்றங்கால் அம்மா என் பைகளில் ஒன்றைத் தூக்கினார். அடியில் தட்டிப் பார்த்தார். கொட்டவில்லை. குச்சியால் குழி போட்டு, காட்டுநாவல் கன்று ஒன்றை அதில் இறக்கி, விரல்களால் மண்ணை மெல்ல அணைத்தார். பிறகு அடுத்த பைக்குக் கை நீட்டினார்.

பனி விலகவேயில்லை. கன்றுகளின் வரிசை அந்த வெள்ளைக்குள் எங்கே போய் முடிகிறதென்று தெரியாமல், பைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனேன்.