கதவில்லாத நிலையம்

பெங்களூரின் கிழக்குப் புறத்தில், ஒயிட்ஃபீல்டுக்கும் கிருஷ்ணராஜபுரத்துக்கும் இடையே, ஹூடி என்றொரு சிறிய ரயில் நிறுத்தம் உள்ளது. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்ட் வரை திறக்கப்பட்ட பழைய பாதையின்மேல், பிற்காலத்தில் தோன்றிய நிறுத்தம் அது. 2001-இல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், மாரிக்குப்பம், ஊர்காம் போன்ற நிலையங்களில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகும் தமிழ் உழைப்பாளர்களின் பாதையும் இதுவே.

2023 மார்ச்சில் அதே ஹூடிக்கு மெட்ரோ ரயில் நிலையமும் வந்தது. அங்கே உரிய கட்டணம் செலுத்தியவருக்கு மட்டுமே தடுப்புக் கதவு வழிவிடும். சிறு ரயில் நிறுத்தங்களிலோ அத்தகைய கதவு கிடையாது. சீட்டுப் பரிசோதகர் எப்போதோ ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் யாரும் எதையும் கேட்பதில்லை.

இவ்விரண்டில் மனிதனின் தர்மம் வெளிப்படும் இடம் எது? மெட்ரோ கதவைக் கடந்தவர் கட்டணம் செலுத்தினார் என்பது மட்டுமே நமக்குத் தெரியும். அவர் நேர்மையாளரா என்பது தெரியாது. அந்தக் கேள்வியை இயந்திரம் அவரிடம் எழவே விடவில்லை. கதவில்லாத நிறுத்தம் தினந்தோறும் அக்கேள்வியை எழுப்புகிறது.

கேள்வி பழையது. பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் ஓர் இடையனின் கதையைச் சொல்கிறார். அவனுக்கு ஒரு மாய மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பிக்கொண்டால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் அரசனைக் கொன்று அரியணையைக் கைப்பற்றுகிறான். பிடிபடமாட்டோம் என்று உறுதியானால் எவன்தான் நேர்மையாக இருப்பான் என்பதே அக்கதை விடுக்கும் சவால். 1785-இல் காண்ட் மற்றொரு கோணத்தைக் காட்டினார். சிறுவனிடமும் சரியான விலையே வாங்கும் வணிகன், தன் நற்பெயரைக் காக்கவே அப்படிச் செய்கிறான் என்றால், அச்செயல் கடமைக்குப் பொருந்தியதே தவிர, கடமையுணர்விலிருந்து பிறந்ததன்று.

பக்தர்கள் இதற்கு எளிதாக ஒரு விடை சொல்வதுண்டு: "யார் பார்க்காவிட்டாலும் கடவுள் பார்க்கிறார்." இது தவறன்று, ஆனால் முழுமையுமன்று. அபராதத்துக்கு அஞ்சிச் சீட்டு எடுப்பவனுக்கும் நரகத்துக்கு அஞ்சிச் சீட்டு எடுப்பவனுக்கும் அடிப்படையில் வேறுபாடு என்ன? இறைவனைக் கண்ணுக்குத் தெரியாத பரிசோதகராக நியமித்துவிட்டோம், அவ்வளவே.

வேதாந்தம் கூறும் சாட்சி அத்தகையவர் அல்லர். வித்யாரண்யரின் 'பஞ்சதசி' பத்தாம் அத்தியாயத்தில் ஓர் அரங்க விளக்கை உவமையாகக் காட்டுகிறது. அவ்விளக்கு தலைவனையும், சபையோரையும், ஆடுபவளையும் ஒன்றுபோல் ஒளிரச் செய்கிறது. அனைவரும் சென்றபின் வெற்று அரங்கிலும் ஒளிர்கிறது. அது எவரையும் தண்டிப்பதுமில்லை, பாராட்டுவதுமில்லை.

சாட்சி தண்டிக்காது என்றால், தவறு செய்ய என்ன தடை? தடை வெளியில் இல்லை. "யாரும் பார்க்கவில்லை" என்று சொல்பவனே பார்த்துவிட்டான். அந்த எண்ணமே அவ்வொளியில்தான் தெரிகிறது. அதன்பின் அவன் மனம் இரண்டாகிறது: ஒரு பாதி அறிகிறது, மறு பாதி மறைக்கிறது. பிளவுண்ட மனம் தியானத்தில் எப்படிக் குவியும்? பதஞ்சலி முனிவர் அஸ்தேயத்தை, அதாவது கள்ளாமையை, தியானத்துக்கு வெகு முன்னரே, யோகத்தின் முதல் அங்கமாகிய யமத்தில் வைத்ததன் பொருள் இதுவே. திருவள்ளுவரும் கள்ளாமைக்குத் தனி அதிகாரம் வகுத்து, அக்குற்றத்தை எண்ணத்திலேயே கண்டிக்கிறார்.

"ரயில்வே எவ்வளவு பெரியது! என் பத்து ரூபாயால் அதற்கென்ன நஷ்டம்?" என்ற வாதம் எஞ்சி நிற்கிறது. பல சிறு நிறுத்தங்களில் சீட்டு விற்பவர் ரயில்வே ஊழியர் அல்லர். விற்கும் சீட்டுக்கேற்பத் தரகு பெறும் முகவர். எடுக்கப்படாத சீட்டு அவரது அன்றைய வருவாயில் ஒரு குறைவு. ஒரு நிறுத்தத்தில் ரயில் நிற்பது தொடர வேண்டுமா என்று முடிவு செய்யும்போது அங்கு விற்ற சீட்டுகளும் கணக்கில் கொள்ளப்படும். சீட்டின்றி ஏறிய நூறு பேர் அந்தக் கணக்கில் இல்லாதவர்கள். ஆக, 'யாருக்கும் சொந்தமற்றது' என்று நாம் எண்ணியது, உண்மையில் பலருக்கும் சொந்தமானது. அனைத்தும் இறைவனால் நிறைந்தது என்னும் ஈசாவாஸ்ய நோக்கில், உரிமையாளரற்ற பொருள் என்று ஒன்று உலகில் இல்லவே இல்லை.

கையில் காசே இல்லாமல் ரயிலேறும் ஏழையின் நிலை வேறு. அவரை எடைபோடுவது நம் வேலையன்று. அவருக்கு உதவுவதே நம் கடமை. இங்கு நாம் கேட்பது, சட்டைப்பையில் பணம் இருப்பவரை.

காவியுடை அணிந்தவரிடம் சீட்டுக் கேட்கத் தயங்கும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. துறவிக்கு இது மாய மோதிரமே. 1892-இல் சுவாமி விவேகானந்தர் மைசூரிலிருந்து புறப்பட்டபோது, திவான் பணக்கட்டு ஒன்றைக் கொடுக்க முயன்றார். சுவாமிஜி அதை மறுத்து, ஒரு ரயில் சீட்டை மட்டும் பெற்றுக்கொண்டார். பணத்தைத் துறந்தவர் பயணத்தின் விலையைத் துறக்கவில்லை.

நகரங்கள் வளர வளரக் கதவுகள் பெருகும். அவை வருவாயைக் காக்கும்; மனிதனைச் செம்மைப்படுத்துவது அவற்றின் வேலையன்று. கேட்பார் இல்லாத நிறுத்தத்தில் தானாகச் சென்று சீட்டு வாங்குபவர் வரிசையில் செலவிடும் அந்தச் சில நிமிடங்களும் சாதனையே. அவ்வளவு சிறிய இடத்தில் ஒன்றுபட்டு நிற்கப் பழகிய மனமே, பூஜையறையிலும் ஒன்றுபட்டு நிற்கும்.