யாவர்க்கும் பொது

மின்சார மோட்டார் வண்டி வைத்திருக்கும் ஊழியர்க்கு வேலைத்தலத்திலேயே இலவசமாக மின்சாரம் ஏற்றித் தருவதை முதலாளிகள் செய்யும் பெரும் நன்மையென்று பலரும் இன்று பாராட்டுகின்றனர். பிரிட்டனில் 2018ஆம் ஆண்டு முதல் இந்நன்மைக்கு வருமான வரி கிடையாது. அவ்வசதி அங்குள்ள ஊழியர் யாவர்க்கும் பொதுவாயிருத்தல் வேண்டுமென்பதே நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். எனினும், வண்டியே இல்லாதவனுக்கு அது எவ்வாறு பொதுவாகும்?

ஜித்ராவில் தோட்டக் கிராணியாகிய நான் நாளை அத்தகைய வண்டி வாங்கினால், ஆபீசு வாசலில் எனக்கு மின்சாரம் கிடைக்கலாம். விடியுமுன் பெரட்டுக்கு நடந்து வரும் தொழிலாளிக்குக் கிடைப்பதென்ன? மாலையில் சில மணி நேரம் மட்டும் இயந்திரம் ஓட்டி லயங்களுக்கு விளக்கெரித்த காலத்தை நம் பெரியோர் மறக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் அளிப்பது முதலாளியின் கடமையென 1990ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்த வெளிச்சத்தைப் பெற எவரும் முதலில் எதையும் விலைக்கு வாங்கவேண்டியதில்லை. ஆதலால் அது உண்மையிலேயே பொது.

மின்சாரம் தரவேண்டாமென்று யாம் கூறவில்லை. போக்குவரத்துக்கென எல்லோர்க்கும் ஒரே தொகையை ஒதுக்குங்கள். வண்டியுடையோன் அதனை மின்சாரமாகப் பெறட்டும், இல்லாதோன் காசாகப் பெறட்டும். உடையவனுக்கு மட்டுமே எட்டும் கொடைக்குப் பொது என்று பெயரிடுதல் அறமாகுமா?