பிறப்பா, ஏற்பா?

புதியோரைத் தம்பால் ஈர்ப்பதைக் கடமையாகக் கொண்ட சமயங்கள் பல. யூத சமயமோ, நாடி வருபவரையும் முதற்கண் தடுத்துப் பார்க்கும் இயல்புடையது. இத்துணைத் துன்புற்ற இனத்தோடு ஏன் இணைய விழைகின்றாய் என்று வந்தவரை வினவுதல் வேண்டும் என்பது தால்முத் காலத்து மரபு. இதனை வெறுப்பென்று கொள்ளுதல் பொருந்தாது. யூதர் 613 கட்டளைகளைச் சுமப்பவர். ஏனையோர் நோவாவின் வழிவந்த ஏழு நெறிகளைப் பேணினாலே போதும் என்பது அவர்தம் கொள்கை. வேண்டாத சுமையை ஒருவர் தோளில் ஏற்றுவானேன்?

எனினும் அந்த வாயில் என்றும் அடைபட்டதில்லை. தாவீது மன்னனின் கொள்ளுப்பாட்டியாகிய ரூத், மோவாப் நாட்டிலிருந்து வந்தவள் அல்லளோ?

வாயிலைக் காப்பவர் யார் என்பதிலேதான் இன்றைய பூசல். ஆர்த்தடாக்ஸ் பிரிவினர்க்குக் கட்டளைகள் அனைத்தையும் ஏற்றலும், மூவர் அமர்ந்த சமய மன்றத்தின் இசைவும், மிக்வே எனும் நீராட்டும், ஆடவர்க்கு விருத்தசேதனமும் இன்றியமையாதன. கன்சர்வேட்டிவ் பிரிவினரும் இச்சடங்குகளைக் கைவிடவில்லை. ஆயினும் அவர்தம் ரபிமார் நடத்திய மதமாற்றத்தை முன்னவர் ஒப்புவதில்லை. சீர்திருத்தப் பிரிவோ நெடுந்தொலைவு சென்றது. 1893-இல் அமெரிக்காவில் அப்பிரிவின் ரபிமார் மன்றம், மதம் மாறுவோர்க்குச் சடங்கு கட்டாயமன்று என்றது. 1983-இல், தந்தை மட்டும் யூதரெனினும், சமய வாழ்வில் வெளிப்படையாக ஈடுபடும் பிள்ளையை யூதனாகக் கொள்ளலாம் என முடிவு செய்தது. தாய்வழியே பிறப்பு என்ற பழைய விதி அங்கே தளர்ந்தது.

ஒரு பெண் ஈராண்டு பயின்று, நோன்பிருந்து, ஓய்வுநாள் காத்து, நீராடி எழுகின்றாள் என்று கொள்வோம். ஒரு மன்றம் அவளை மகளே என்கிறது. மற்றொன்று அயலாள் என்கிறது. அவள் நெஞ்சில் நிகழ்ந்ததை இரண்டும் அறியா. விதியைப் பேணுவோர் அஞ்சுவதிலும் நியாயமுண்டு: வரையறை இன்றேல், சிதறிய மக்கள் ஈராயிரம் ஆண்டு ஒரே குடியாக நின்றிருத்தல் அரிது. ஆனால் ஏற்றுக்கொண்ட பின்னும் ஐயுறுவதை எந்த நியாயம் தாங்கும்? ஆபிரகாமை என் தந்தை எனச் சொல்லி வழிபடலாமோ என ஒபதியா எனும் புதியவர் வினவியபோது, 12-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் தயங்காது ‘ஆம்’ என்றார். அவ்வழி வந்தோர் யாவர்க்கும் ஆபிரகாமே தந்தை என்று விளக்கினார். இவ்விடையினும் உயர்ந்ததொன்றை இப்பூசலில் யான் கண்டிலேன்.

விடை இருந்தும் நடைமுறை பின்தங்கியது. நம் கொச்சியையே பாருங்கள். 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தில், யூத நெறியில் சேர்க்கப்பட்டு விடுவிக்கப்பெற்ற அடிமைகளின் வழியினர், தலைமுறை பல கடந்தும் சம உரிமை பெறவில்லை. அவ்வழியில் தோன்றிய வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) சத்தியாக்கிரக வழியில் அதனை எதிர்த்துப் போராட நேர்ந்தது.

இஸ்ரேலில் 1970-ஆம் ஆண்டுத் திருத்தம், யூதத் தாய்க்குப் பிறந்தவரும் மதம் மாறியவரும் யூதர் என்றது. யார் முன்னிலையில் மாறியவர் என்பதைச் சொல்லாமல் விட்டது. அந்நாட்டிலேயே சீர்திருத்த, கன்சர்வேட்டிவ் ரபிமாரிடம் மாறியவர்க்கும் குடியுரிமை உண்டென்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க 2021 மார்ச் வரை ஆயிற்று. திருமணமோ தலைமை ரபி மன்றத்தின் கையில். ஆகவே அங்கே ஒருவர் குடியுரிமை ஏட்டில் யூதராகவும், மணப்பந்தலின்கீழ் அயலாராகவும் ஒரே நாளில் நிற்கக்கூடும்.