ரெண்டு நோட்டுக் கணக்கு

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் கேட்கிற முதல் கேள்வி என்ன? ''பையன் செட்டில் ஆயிட்டானா?''

சரியான பதில் எது என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கம்பெனி பேர், ஊர், சம்பளம், சொந்த ஃப்ளாட். சாம்பார் வருவதற்குள் ஒரு மனுஷனின் மொத்த வாழ்க்கையும் அளந்து முடிந்துவிடும். பையன் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறானா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சரி, செட்டில் ஆவது என்றால் என்ன? ஜெயித்துவிட்டேன் என்று ஒருவன் எப்போது சொல்லலாம்? இதற்குத் தத்துவப் புத்தகங்களைவிட ஒரு படகுப் போட்டி எனக்கு நன்றாகப் பதில் சொல்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1968. லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை ஒரு போட்டியை அறிவித்தது. பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வர வேண்டும். எந்தத் துறைமுகத்திலும் நிற்கக் கூடாது. வழியில் யாரிடமும் ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது. அதுவரை உலகத்தில் யாரும் செய்யாத காரியம். முதலில் திரும்புகிறவருக்கு 'கோல்டன் குளோப்' கோப்பை. குறைந்த நாளில் முடிப்பவருக்கு 5,000 பவுண்டு. அவரவர் வசதிப்படி கிளம்பலாம். ஆனால் அக்டோபர் 31-க்குள் கிளம்பிவிட வேண்டும்.

கிளம்பியவர்கள் ஒன்பது பேர். முடித்தது ஒரே ஒருவர். அந்த ஒன்பதில் நாலு பேரை மட்டும் பார்ப்போம்.

முதல் ஆள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். அவருடைய 'சுஹைலி' நம்ம பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. நீளம் 32 அடி. வேகத்துக்குப் பேர்போனதல்ல, ஆனால் கெட்டி. 312 நாள் கடலில் இருந்துவிட்டு, 1969 ஏப்ரல் 22 அன்று கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தார். கோப்பை அவருக்கு.

இரண்டாவது ஆள் பெர்னார் மொய்தெஸியே. பிரெஞ்சுக்காரர், வியட்நாமில் வளர்ந்தவர், கடலைக் கரைத்துக் குடித்தவர். நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு இரண்டு மாதம் கழித்துக் கிளம்பியும் வேகமாக நெருங்கிக்கொண்டிருந்தார். 5,000 பவுண்டு இவருக்குத்தான் என்று பலரும் முடிவு கட்டியிருந்த நேரம். தென் அமெரிக்காவின் முனையைத் தாண்டியாகிவிட்டது. இனி வடக்கே திரும்பினால் வீடு, கூட்டம், பரிசு. அவர் திரும்பவில்லை. ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அருகே ஒரு கப்பலைப் பார்த்து, உண்டிவில்லால் ஒரு செய்தியைச் சுண்டி எறிந்தார். 'நான் நிற்காமல் பசிபிக் தீவுகளுக்குப் போகிறேன். கடலில் சந்தோஷமாக இருக்கிறேன்' என்பது அதன் சாரம். அப்படியே இன்னும் பாதி உலகத்தைச் சுற்றி, 1969 ஜூனில் தாஹிதித் தீவில் இறங்கினார்.

மூன்றாவது ஆள் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். நம் நாட்டு காஜியாபாத்தில் பிறந்த ஆங்கிலேயர். வயது 36, மனைவி, நாலு குழந்தைகள். கடல் பயணத்துக்கான எலெக்ட்ரானிக் கருவி தயாரிக்கும் சின்ன கம்பெனி வைத்திருந்தார். அது தள்ளாடிக்கொண்டிருந்தது. போட்டியில் ஜெயித்தால் கம்பெனி பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். பணம் போட்டவரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பயணம் தோற்றால் படகின் விலையை இவரே கட்ட வேண்டும். கம்பெனியும் வீடும் அடமானம். கெடுவின் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று, அரைகுறையாக முடிந்த படகில் கிளம்பினார்.

சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. படகு ஒழுகுகிறது. அலைகள் மலை மாதிரி எழும் தென் சமுத்திரத்துக்குள் இதில் போனால் சாவுதான். திரும்பினால் கடன், அவமானம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகத்தைச் சுற்றுவதாக ரேடியோவில் பொய் இடங்களைச் சொல்ல ஆரம்பித்தார். போகாத இடத்தில் சூரியன் எந்த உயரத்தில் தெரிந்திருக்கும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். நிஜமாகப் போகிறவன் போடும் கணக்கைவிட அது கஷ்டம்! எவ்வளவு மூளை பாருங்கள், எவ்வளவு உழைப்பு!

அவர் திட்டம் முதலாவதாக வருவதே அல்ல. மற்றவர்கள் வந்த பிறகு சத்தமில்லாமல் பின்னால் வந்து சேர்ந்தால், தோற்றவனின் நோட்டை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

இங்கேதான் நாலாவது ஆள் வருகிறார். நைஜல் டெட்லி, கடற்படை அதிகாரி. உலகத்தை உண்மையாகவே சுற்றிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். க்ரோஹர்ஸ்ட் பின்னால் துரத்தி வருகிறார் என்ற செய்தியை நம்பி, நொந்துபோன படகை விரட்டினார். வீட்டுக்குச் சுமார் 1,100 கடல் மைல் இருக்கும்போது படகு உடைந்து மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். இல்லாத ஒரு போட்டியாளனுக்குப் பயந்து ஓடி, கையில் இருந்ததை இழந்தார். நம்மில் எத்தனை பேர் இந்த டெட்லி? யோசித்துப் பாருங்கள்.

இப்போது வேகத்துக்கான பரிசு க்ரோஹர்ஸ்டைத் தேடி வருகிறது. ஊரே வரவேற்புக்குத் தயாராகிறது. ஜெயித்தால் நோட்டுகளை நிபுணர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். வெற்றியே தண்டனையாக வந்து நின்ற மனுஷன் அவர். 1969 ஜூலை 1-ஆம் தேதியோடு அவர் குறிப்புகள் நின்றுபோகின்றன. ஜூலை 10 அன்று ஒரு கப்பல் அவருடைய படகைக் கண்டுபிடித்தது. உள்ளே ஆள் இல்லை. கடலில் இறங்கிவிட்டார் என்றுதான் நம்புகிறார்கள். உண்மையில் எங்கே இருந்தார் என்பதும், பொய்க்காகப் போட்ட கணக்குகளும் படகிலேயே கிடைத்தன.

நம் ஊர்க் கடைவீதிக்கு இந்த விஷயம் புதிதல்ல. சில கடைகளில் ரெண்டு நோட்டு உண்டு. வருமான வரிக்காரருக்குக் காட்ட ஒன்று. கல்லாவுக்கு அடியில் ஒன்று.

நமக்கும் ரெண்டு நோட்டு இருக்கிறது. ஒன்று பந்தியில் காட்டுகிற நோட்டு. அதில் பதவி, கார், பிள்ளையின் மார்க், வெளிநாட்டுப் போட்டோ. இன்னொன்று ராத்திரி ரெண்டு மணிக்கு, தூக்கம் வராதபோது தானாகத் திறந்துகொள்கிற நோட்டு. அதில் வேறு கணக்கு இருக்கும். 'இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை.' 'அப்பாவோடு பேசி மூணு மாசம் ஆச்சு.' 'இந்த வீடு எனக்காக வாங்கியதில்லை, சகலைக்காக வாங்கியது.'

என்னைக் கேட்டால், இந்த ரெண்டு நோட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே வருவதற்குப் பேர்தான் வெற்றி. வித்தியாசம் கூடக் கூட, அதைச் சரிக்கட்டவே ஆயுசு போய்விடும். வேலை செய்து களைத்தவன் தூங்கிவிடுவான். கணக்கை மறைத்துக் களைத்தவனுக்குத் தூக்கம் வராது.

''அப்ப மொய்தெஸியே மாதிரி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் போயிடணுமா சார்? ஈ.எம்.ஐ. யார் கட்டுவா?'' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அவரைப் பெரிய ஞானியாக்கிப் படம் மாட்டுகிறவர்கள் உண்டு. நான் மாட்ட மாட்டேன். பிரான்ஸில் அவருடைய மனைவி காத்துக்கொண்டிருந்தார். தனக்குத் தான் உண்மையாக இருந்தவர்தான் அவர். ஆனால் உண்மையான நோட்டில் நம்முடைய ஆசை மட்டும் இருந்தால் போதாது. நாம் அடுத்தவருக்குத் தர வேண்டியதும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் எழுதினார். முடித்தவர் அவர் ஒருவரே என்பதால் 5,000 பவுண்டும் அவருக்கே வந்தது. அதை அப்படியே க்ரோஹர்ஸ்டின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் உலகத்தை ஏமாற்றியவர் என்று தெரிந்த பிறகும் அந்தப் பணம் அந்தக் குடும்பத்துக்கே போனது. கோப்பை ஊருக்குத் தெரிந்த வெற்றி. இதுதான் அவருடைய நிஜமான வெற்றி என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் வேலையை விடுங்கள், கடலுக்குப் போங்கள் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. சம்பளம் வேண்டும். வீடு வேண்டும். இன்க்ரிமென்ட் வந்தால் ஸ்வீட் வாங்குங்கள், தப்பே இல்லை. க்ரோஹர்ஸ்ட் பேராசைக்காரர் இல்லை. கடன்பட்ட ஒரு குடும்பஸ்தர். அவரால் முடியாமல் போனது ஒரே ஒரு வரி: ''என்னால முடியலை, திரும்பி வர்றேன்.'' அந்த வரிக்கு விலை ஒரு வீடு, ஒரு கம்பெனி, சில மாதக் கேலி. பெரிய விலைதான். ஆனால் கடைசியில் அவர் கொடுத்த விலையைவிடச் சின்னது.

அந்த ஒரு வரியைக் கூச்சமில்லாமல் சொல்ல உங்களுக்கு ஓர் ஆள் இருக்கிறாரா? மனைவியோ, புருஷனோ, பழைய சிநேகிதனோ, யாராவது ஒருவர்? இருந்தால், வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் சரி, நீங்கள் பாதி செட்டில் ஆகிவிட்டீர்கள்.

மீதிப் பாதி, அவரிடம் அதைச் சொல்வது.