காது கேட்டபடி

வங்காளியின் வாயில் 'ச' வரிசை எழுத்து மூன்றும் பெரும்பாலும் ஒரே ஒலிதான்; ஏட்டில் மூன்று. இரண்டு 'ந' உண்டு, பேச்சில் ஒன்று. இகரமும் ஈகாரமும் காதுக்கு ஒன்றே. லக்ஷ்மி என்று எழுதி 'லொக்கி' என்று படிக்கிறார்கள். பத்மம் 'பொத்தோ' ஆகிவிடுகிறது. வாய் எப்போதோ கைவிட்ட ஒலிகளை எழுத்து மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்தக் கல்கத்தாவில் எட்டு வயதுப் பிள்ளை 'பானான்', அதாவது எழுத்துக்கூட்டல், பிழை இல்லாமல் எழுத வேண்டும் என்றால், தான் ஒருநாளும் கேட்டிராத ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இது இன்னும் ஒரு சுற்று கூடுதல். பள்ளியில் ஆங்கிலப் பட்டியல், அடுத்த நாள் வங்காளப் பட்டியல், வீட்டில் நாமே கொடுக்கும் தமிழ். மகள் 'பளம்' என்று எழுதுகிறாள். எங்கள் வீட்டில் நாங்கள் சொல்வதும் அதுதானே! அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

*

பிழையை முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் திருத்த வேண்டும். இப்போது இதை உறுதியாக நம்புகிறேன். மரத்தை 'மறம்' என்று எழுதிய பிள்ளையும் 'மம்ர' என்று எழுதிய பிள்ளையும் ஒரே தவறு செய்யவில்லை. முதல் பிள்ளை ஒலியைப் பிடித்துவிட்டது, எந்த 'ர' என்பதுதான் பாக்கி. இரண்டாவது பிள்ளைக்கு ஒலிகளின் வரிசையே இன்னும் கைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த சொல்லைக் கொடுக்கக் கூடாது, இதே சொல்லை மெதுவாகச் சொல்லிக் காட்ட வேண்டும். இரண்டு பேர் தாளிலும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி விழுகிறது.

*

பத்துத் தடவை எழுது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டால் என்ன நடக்கிறது என்று ஒருநாள் நின்று பார்த்தேன். மகள் முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் போட்டாள். பிறகு இரண்டாம் எழுத்து, அதுவும் மேலிருந்து கீழ். சொல் ஒரு தடவைகூட முழுதாக அவள் கையில் உருவாகவில்லை. சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை அப்படிக் கொடுத்தால் எந்தக் கையும் அந்த வழியைத்தான் கண்டுபிடிக்கும்.

இப்போது செய்வது இது. சொல்லைப் பார்க்கிறாள், வாய்விட்டுச் சொல்கிறாள், உள்ளங்கையால் மூடுகிறாள், எழுதுகிறாள், கையை எடுத்து அவளே ஒப்பிடுகிறாள். மூடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மூடிய பிறகு மனம் உள்ளே போய்த் தேடுகிறதே, அந்தச் சில நொடிகள்தான் பயிற்சி. அப்போது உதவி செய்யத் துடிக்கும் என் நாக்கைக் கட்டிப்போடுவது எனக்கான பயிற்சி.

ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் கொட்டுகிறது, பிறகு மெதுவாகிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட, நாள்விட்டு நாள் பிரித்துப் படிப்பது குறைந்த உழைப்பில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு வியாழன் இரவு உட்காரும் வீடுகள் எல்லாம் அந்த முதல் சரிவில் நின்றுதான் போராடுகின்றன. திங்கட்கிழமை மூன்று சொல் போதும். செவ்வாய்க்கிழமை அந்த மூன்றோடு புதிதாக இரண்டு. போன வாரத்துச் சொல் ஒன்றும் நடுவில் வர வேண்டும். தேர்வு முடிந்ததும் சொல்லைக் கைகழுவிவிடப் பிள்ளைகள் மிக விரைவில் பழகிவிடுகிறார்கள்.

*

1855இல் ஈஸ்வரசந்திர வித்யாசாகர் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வர். அந்த ஆண்டுதான் 'வர்ணபரிசய்' என்ற வங்காள அரிச்சுவடியின் இரண்டு பாகங்களையும் எழுதினார். பள்ளிகளைப் பார்வையிடப் போகும்போது பல்லக்கில் அமர்ந்து எழுதினார் என்று சொல்வார்கள். அவ்வளவு கற்றவர், ஒரு குழந்தை எந்த எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்தைச் சந்திக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சில் இல்லாத உயிர் எழுத்துகள் சிலவற்றை வரிசையிலிருந்தே எடுத்தார். முதல் பாகத்தில் எளிய சொற்கள். கூட்டெழுத்துகள் முழுவதையும் இரண்டாம் பாகத்துக்குத் தள்ளினார். இன்றும் கல்லூரித் தெருக் கடைகளில் அந்த மெல்லிய புத்தகம் கிடைக்கிறது. அதைப் புரட்டும்போது எனக்குத் தோன்றுவது: இவர் குழந்தையை அவசரப்படுத்தவில்லை.

*

"யாரும்மா இப்படித்தான் எழுதணும்னு சொன்னது?"

நியாயமான கேள்வி, ஒதுக்கக் கூடாது. மகளிடம் சொன்னேன்: பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததும் உண்டு. தாகூர் கேட்டுக்கொண்டதால் கல்கத்தா பல்கலைக்கழகம் வங்காள எழுத்துமுறைக்கு ஒரு குழு அமைத்தது. ராஜசேகர் பாசு தலைவர். 1936இல் விதிகள் வெளிவந்தன. 'கர்ம்ம' என்று இரட்டித்து எழுதியது அதன் பிறகு 'கர்ம' ஆனது. அதுவரை சரியாக எழுதிக்கொண்டிருந்தவர்களும் புதிதாகப் பழக வேண்டி வந்தது. தமிழில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அவள் பாட்டி பால் கணக்கு நோட்டில் இன்னும் தும்பிக்கை வைத்த 'லை'தான் போடுகிறார். மகள் அந்த நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, பாட்டி எழுதியது தப்பா என்று கேட்டாள். தப்பில்லை, பாட்டி படித்த காலத்தில் அதுதான் முடிவு. இப்போது எல்லோரும் சேர்ந்து இப்படி எழுதுகிறோம், எழுதினால் மற்றவர்களுக்குச் சட்டென்று புரியும் என்றேன். அன்றைக்குப் பட்டியலை முகம் சுளிக்காமல் எடுத்தாள்.

*

சரஸ்வதி பூஜையன்று பயிற்சி கிடையாது. புத்தகமெல்லாம் அம்மன் காலடியில். சின்னப் பிள்ளைகளுக்கு அன்றுதான் 'ஹாதே கொரி', சிலேட்டில் முதல் எழுத்து. பள்ளிப் பிள்ளைகள் அதுவரை தொடாமலிருந்த இலந்தைப்பழத்தை அன்று முதல் தின்னலாம். நம் வீட்டுப் பிள்ளைக்கு விஜயதசமியில் அரிசியிலும் எழுதியாயிற்று, இங்கே சிலேட்டிலும் எழுதியாயிற்று.

*

எதிர்வீட்டுப் பையன் அறிவாளி. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். எழுதச் சொன்னால் போன வாரம் தெரிந்த சொல் இந்த வாரம் இல்லை. எழுத்துகள் இடம் மாறுகின்றன. நோட்டைக் கண்டாலே வயிற்றுவலி. அவன் அம்மாவிடம், இன்னும் பயிற்சி கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில பிள்ளைகளுக்கு இது பயிற்சிக் குறைவால் வருவதில்லை. கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. சிறப்புப் பயிற்சியாளரிடம் காட்டச் சொன்னேன். அறிக்கை கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அவர் முதலில் கேட்டது, "அப்போ இவன் சோம்பேறி இல்லையா?" என்றுதான். இல்லை, ஒருநாளும் இல்லை என்றேன்.